குளிர்காலத்தில், தனியாக, யூட்டாவின் செம்பாறை நாட்டுக்கு

முதல்முறை நான் போனது ஒரு ஜனவரி இரண்டாம் வாரம். கூட வருவதாகச் சொன்ன இரண்டு நண்பர்களும் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டார்கள். விடுதிக்குக் கட்டிய பணம் திரும்ப வராது. சரி, தனியாகவே போய்ப் பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன். அதற்கப்புறம் இரண்டு முறை வேண்டுமென்றே தனியாக, வேண்டுமென்றே குளிர்காலத்தில் போய்விட்டு வந்திருக்கிறேன்.

பாலை என்றதும் நமக்கு வெயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் நம் பழைய திணைக் கணக்கிலேயே பாலைக்கு வேனிலோடு பின்பனியும் உரிய காலம். தெற்கு யூட்டாவில் அதைக் கண்ணால் பார்க்கலாம்: சிவப்புப் பாறை மேல் வெள்ளைப் பனி, மேலே கழுவிவிட்ட மாதிரி நீல வானம், பார்க்கிங்கில் உங்கள் காரோடு சேர்த்து நான்கே கார்கள்.

இந்தக் கட்டுரை அமெரிக்காவில் வேலைக்கோ படிப்புக்கோ வந்து, இந்தப் பக்கம் முதல்முறை தனியாகக் கார் எடுக்கப்போகிறவர்களுக்கு. கூட்டமாகப் போகிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

எந்த வாரம்

கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை குளிர்காலம்தான், ஆனால் கூட்டமில்லாத காலம் என்று சொல்ல முடியாது. நான் சிபாரிசு செய்வது ஜனவரி இரண்டாம் வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை. ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வரும் திங்கட்கிழமை விடுமுறையோடு சேர்ந்த நீண்ட வாரக்கடைசிகளை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

விடுதி வாடகை நன்றாக இறங்கியிருக்கும். பதிலுக்கு, சின்ன ஊர்களில் பாதிக் கடைகள் பூட்டியிருக்கும். டோரி, எஸ்கலான்டே போன்ற ஊர்களில் உணவகங்கள் சீசன் முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு மார்ச்சில்தான் திறக்கும். கேப்பிட்டல் ரீஃப் பார்க்கில் பழ 'பை' விற்கும் கிஃபர்ட் வீடும் அப்படித்தான். அதை நம்பி வயிற்றைக் காலியாக வைத்துக்கொண்டு போன ஆள் நான்.

சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி

புதிதாகப் போகிறவர்கள் மைல் கணக்கில் திட்டம் போடுவார்கள். குளிர்காலத்தில் அது உதவாது. ஜனவரி தொடக்கத்தில் சூரியன் காலை ஏழரைக்குமேல் எழுந்து மாலை ஐந்தேகால், ஐந்தரைக்குள் போய்விடும். கையில் இருப்பது ஒன்பதரை மணி நேர வெளிச்சம். அதிலும் முதல் இரண்டு மணி நேரம் சாலையில் உறைபனி, பாதையில் ஐஸ். உருப்படியாக நடக்கக் கிடைப்பது பத்து மணியிலிருந்து நாலு மணி வரைதான்.

ஆகவே ஒவ்வொரு நாளையும் மறுமுனையிலிருந்து கணக்குப் போடுங்கள். ஐந்தேகாலுக்கு இருட்டும் என்றால் நாலரைக்கு அன்று தங்கும் ஊரில் இருக்க வேண்டும். அங்கே போகும் தூரம் இரண்டு மணி நேரம் என்றால் இரண்டரைக்குக் கிளம்பியாக வேண்டும். அப்படியானால் ஒரு மணிக்குப் பிறகு எந்த நடையும் தொடங்கக் கூடாது. இந்த ஒரு கணக்கைச் சரியாகப் போட்டால் பயணத்தின் பெரும்பாலான தொல்லைகள் தாமாகவே விலகிவிடும். இருட்டிய பிறகு ஓட்டினால் மூன்று ஆபத்து: சாலையோரத்து மான்கள், வேலியில்லாத மேய்ச்சல் நிலங்களில் நடுரோட்டில் நிற்கும் கருப்பு மாடுகள், அப்புறம் 'ப்ளாக் ஐஸ்' என்கிற கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டிப் படலம். மூன்றும் ஹெட்லைட் வெளிச்சத்தில் தாமதமாகத்தான் தெரியும்.

வழி

முதல்முறைக்கு லாஸ் வேகஸிலிருந்து ஒரு சுற்று போதும். லாஸ் வேகஸ், ஸயான், பிரைஸ் கேன்யன், 12-ஆம் நம்பர் நெடுஞ்சாலை வழியாக கேப்பிட்டல் ரீஃப், மோவாப், மான்யுமென்ட் வேலி, பேஜ், திரும்ப லாஸ் வேகஸ். சாலைத் தூரம் மட்டும் ஆயிரம் மைலுக்குச் சற்று மேல். பார்க்குகளுக்குள் சுற்றுவதற்கு இன்னும் முந்நூறு நானூறு மைல் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது நாள் தேவை. பத்தாவது நாளை எங்கும் ஒதுக்காமல் சும்மா விடுங்கள். பனிப்புயல் வந்தால் அந்த நாளைச் செலவழித்து இருந்த இடத்திலேயே இருந்துவிடலாம். பெரிய சாலைகளில் பெரும்பாலும் மறுநாள் மதியத்துக்குள் பனியை வாரித் தள்ளிவிடுவார்கள். அன்றே போயாக வேண்டும் என்ற நெருக்கடி இருந்தால்தான் தப்பான முடிவு எடுப்போம்.

கிராண்ட் கேன்யனை இதே சுற்றில் திணிக்க ஆசை வரும். தெற்கு விளிம்பு ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஹெர்மிட் சாலையில் சொந்தக் காரையே ஓட்டிப் போகலாம், மற்ற மாதங்களில் பார்க் பஸ்தான். வடக்கு விளிம்புக்குப் போகும் சாலை குளிர்காலத்தில் மூடப்படும். என்னைக் கேட்டால், தெற்கு விளிம்பைத் தனியாக ஒரு வாரக்கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கார்

25 வயதுக்குக் குறைந்தவர்களிடம் வாடகைக்கார் நிறுவனங்கள் வழக்கமாகக் கூடுதல் கட்டணம் வாங்கும். மாணவர்கள் அதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல் வீல் டிரைவ் கிடைத்தால் நல்லது. ஆனால் அது வண்டியைக் கிளப்பத்தான் உதவும், நிறுத்த உதவாது. ஐஸில் நிற்பது டயரையும் உங்கள் வேகத்தையும் பொறுத்தது. வண்டியை வாங்கும்போது டயரைக் குனிந்து பாருங்கள், தேய்ந்திருந்தால் வேறு வண்டி கேளுங்கள். கூச்சப்பட வேண்டாம்.

பிரைஸில் முதல் காலை, டயர் காற்றழுத்த விளக்கு எரிந்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பஞ்சர் எதுவும் இல்லை, பௌதிகம்தான். வெப்பநிலை 10 டிகிரி ஃபாரன்ஹீட் இறங்கினால் டயரில் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. குறையும். லாஸ் வேகஸின் மதிய வெயிலில் வாங்கிய வண்டியை, பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி செல்சியஸில் விடியும் ஊரில் நிறுத்தினால் நாலைந்து பி.எஸ்.ஐ. காணாமல் போகும். கேஸ் ஸ்டேஷனில் காற்று நிரப்பிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஐஸ் சுரண்டி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வாடகை வண்டியில் இருக்கும் என்று நம்பாதீர்கள். நான் காலாவதியான ஜிம் அட்டையால் கண்ணாடியைச் சுரண்டினேன். பாதியில் அட்டை உடைந்தது, விரல் மரத்துப்போனது. வைப்பர் தண்ணீரும் உறையும், உறையாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். வெந்நீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும்.

பெட்ரோலை அரை டேங்குக்குக் கீழே இறங்க விடாதீர்கள். இந்தப் பக்கத்து ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவருக்கும் சலைனாவுக்கும் நடுவே நூறு மைலுக்கு மேல் ஒரு கேஸ் ஸ்டேஷன்கூடக் கிடையாது. நம் சுற்று அதன் கிழக்கு முனையில் கொஞ்ச தூரம்தான் போகும். ஆனால் சாலை மூடி வழி மாறினால் நீங்கள் அங்கே போய் நிற்கலாம்.

மண் சாலை என்றால் வேண்டவே வேண்டாம். பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்கள் அதை அனுமதிப்பதில்லை என்பது ஒருபுறம். இந்த ஊர்க் களிமண் ஈரமானால் வெண்ணெய் போல வழுக்கும், டயரில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே சுற்ற விடாது. பிரைஸ் பக்கத்திலிருந்து நேரே பேஜுக்குப் போக நினைத்தால் காட்டன்வுட் கேன்யன் சாலை 46 மைல் குறுக்குவழியாக மேப்பில் ஆசை காட்டும். பனி உருகும் ஒரு மதியத்தில் அதில் இறங்கினால், மண் காயும்வரையோ மறுபடி உறையும்வரையோ அங்கேயே இருக்க வேண்டியதுதான். சிக்னலும் இருக்காது. காலையில் கிளம்புமுன் 511 சேவையில் சாலை நிலவரம் பாருங்கள். யூட்டாவுக்கும் அரிசோனாவுக்கும் தனித்தனியாக உண்டு.

ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு

2003 ஏப்ரலில் ஆரன் ரால்ஸ்டன் என்ற அனுபவமுள்ள மலையேறி, இதே யூட்டாவின் புளூ ஜான் கேன்யன் என்ற இடுக்குப் பள்ளத்தாக்கில் தனியாக இறங்கினார். பெரிய பாறை ஒன்று நழுவி அவர் வலது கையை நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள் கழித்துத் தன் முன்கையைத் தானே அறுத்துக்கொண்டுதான் வெளியே வந்தார். போகும் இடத்தை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

என் ஏற்பாடு எளிது. நியூ ஜெர்சியில் இருக்கும் அக்காவுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் ஒரு செய்தி: கார் எண், நடக்கப்போகும் பாதையின் பெயர், இரவு தங்கும் விடுதியின் ஃபோன் நம்பர். மாலை ஏழு மணிக்குள் "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் முதலில் விடுதிக்கு, ஒன்பது மணி வரைக்கும் தகவல் இல்லையென்றால் பார்க்குக்கோ அந்த கவுன்டி ஷெரிஃப் அலுவலகத்துக்கோ பேச வேண்டும். யூட்டாவில் பார்க்குக்கு வெளியே தேடி மீட்கும் வேலை ஷெரிஃபுடையது. முதல் நாள் நான் ஒரு பாராவுக்கு இயற்கை வர்ணனை எழுதி அனுப்பினேன். "அழகா இருந்துச்சுங்கற கதையெல்லாம் வந்து சொல்லுடா. எனக்கு ட்ரெயில் பேரு வேணும்" என்று பதில் வந்தது. நடுவில் மனம் மாறி வேறு பாதைக்குப் போனால் அதையும் சொல்லியாக வேண்டும். சிக்னல் இல்லையென்றால் மனம் மாறக் கூடாது. இது நானே எனக்குப் போட்டுக்கொண்ட விதி.

வழியில் பல இடங்களில் ஃபோன் வெறும் கேமராதான். மேப்பை முன்னாலேயே இறக்கி வையுங்கள். புதிய ஃபோன்கள் சிலவற்றில் செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் வசதி உண்டு. வீட்டிலேயே அதைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். ஆழமான கேன்யனுக்குள் வானம் குறுகலாகத் தெரிகிற இடத்தில் அதுவும் தடுமாறும். குளிரில் பேட்டரி சடசடவென்று இறங்கும், ஃபோனை உள்சட்டைப் பையில் உடம்புச் சூட்டில் வையுங்கள்.

மூட்டை

காலணிக்கு மாட்டும் மைக்ரோ ஸ்பைக்ஸ் கட்டாயம் வேண்டும். ரப்பர் வளையத்தில் சின்னச் சின்ன இரும்பு முள் கோத்த சங்கிலி அது. இந்தப் பயணத்தில் நான் செலவழித்த பணத்திலேயே உருப்படியானது அதற்குக் கொடுத்ததுதான். பருத்தி உடை வேண்டாம், வியர்வையில் நனைந்தால் காயாது, குளிர் உள்ளே இறங்கும். நெற்றி விளக்கு ஒன்று, காரில் ஒரு கம்பளி, இரண்டு கேலன் தண்ணீர். நடக்கும்போது தண்ணீர்ப் பாட்டிலைப் பையில் தலைகீழாகச் செருகுங்கள். உறைவது மேல்பக்கத்திலிருந்துதான் தொடங்கும்; கவிழ்த்து வைத்தால் மூடிப் பக்கம் உறையாமல் இருக்கும்.

சாப்பாட்டை நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது, சைவக்காரர்கள் இன்னும் கூடுதலாக. லாஸ் வேகஸில் இந்திய மளிகைக் கடை இருக்கிறது. சின்ன ரைஸ் குக்கர், புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, ஒரு பாட்டில் தொக்கு இருந்தால் விடுதி அறையில் ராஜபோகம். தாளிக்கிற வேலை மட்டும் வேண்டாம், புகை அலாரம் கத்தும். நடைக்குத் தயிர்சாதம் கட்டிக்கொண்டு போகாதீர்கள். உச்சியில் உட்கார்ந்து திறந்தேன், ஸ்பூன் இறங்கவில்லை.

பார்க் நுழைவுக்கு ஆண்டு பாஸ் வாங்கினால் லாபம். அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 ஜனவரியிலிருந்து வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்கு 250 டாலர். இங்கே வசிப்பதைக் காட்ட மாநில ஓட்டுநர் உரிமம் கையில் இருக்கட்டும். பல வாசல்களில் ரொக்கம் வாங்குவதில்லை.

ஸயானும் பிரைஸும்

ஸயானுக்கு இரண்டு இரவு, பார்க் வாசலில் இருக்கும் ஸ்பிரிங்டேல் ஊரில். சீசனில் பள்ளத்தாக்குச் சாலைக்குள் பார்க் பஸ் மட்டும்தான். குளிர்காலத்தில் பஸ் ஓடாத நாட்களில் சொந்தக் காரிலேயே கடைசிவரை போகலாம். ஏஞ்சல்ஸ் லேண்டிங் ஏற ஆண்டு முழுவதும் குலுக்கலில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு கத்தி முனை போன்ற பாறை முதுகில் ஏறும் பாதை அது. ஐஸ் இருக்கும்போது தனியாளாக முதல்முறை போகிறவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஆற்றோரம் நடக்கும் ரிவர்சைட் வாக் போதும். பாறைச் சுவரில் கசிந்த நீர் ஈட்டி ஈட்டியாக உறைந்து தொங்கும். அதன் நேர் கீழே நிற்காதீர்கள், வெயில் பட்டதும் அறுந்து விழும். கிளம்பும்போது 1930-இல் திறந்த, ஒரு மைலுக்குச் சற்று நீளமான சுரங்கப்பாதை வழியாகக் கிழக்கே வெளியேறுங்கள். வெளியே நிழலான வளைவுகளில் ஐஸ் இருக்கும், மெதுவாக.

பிரைஸ் கேன்யனின் விளிம்பு எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் அடி உயரத்தில் இருக்கிறது. ஸயானில் ஸ்வெட்டர் போதுமென்றால் இங்கே இருப்பதையெல்லாம் மாட்டிக்கொள்ள வேண்டும். ஹூடூ என்று சொல்லப்படும் அந்த ஆயிரக்கணக்கான பாறைத் தூண்களைச் செதுக்கியதே இந்தக் குளிர்தான். பகலில் பனி உருகி விரிசலுக்குள் இறங்குகிறது, ராத்திரி உறைந்து விரிந்து பாறையைப் பிளக்கிறது. வருடத்தில் ஏறக்குறைய பாதி நாட்கள் இதே வேலை. விடியற்காலை சன்செட் பாயின்ட்டில் தனியாக நின்றபோது கீழே எங்கோ கல் ஒன்று உருண்டு விழும் சத்தம் கேட்டது. வேறு ஒரு சத்தமும் இல்லை. அங்கே குடியேறிய எபனேசர் பிரைஸ், மாடு தொலைந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாத பாழாய்ப்போன இடம் இது என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

தூண்களுக்கு நடுவே இறங்கும் நவாஹோ லூப் நடைபாதையில் 'வால் ஸ்ட்ரீட்' என்கிற பக்கம் குளிர்காலத்தில் மூடியிருக்கும். எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று விசிட்டர் சென்டரில் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். இறங்கும் பாதை மிதிபட்டு மிதிபட்டுக் கண்ணாடி மாதிரி ஆகியிருக்கும். ஸ்பைக்ஸை மேலேயே மாட்டிவிடுங்கள், வழுக்கிய பிறகு மாட்ட முடியாது.

12-ஆம் நம்பர் சாலை, பிறகு மோவாப்

இந்தச் சுற்றில் மிக அழகான சாலையும் மிகவும் கவனம் கேட்கும் சாலையும் இதுதான். எஸ்கலான்டேவுக்கும் போல்டருக்கும் நடுவே ஹாக்பேக் என்னும் இடத்தில், இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் முதுகெலும்பு போலச் சாலை, தடுப்புக் கம்பி கிடையாது. போல்டரைத் தாண்டினால் 9,600 அடி வரை மலை ஏற்றம். பனிப்பொழிவு இருந்தால் அன்று போகாதீர்கள். தெளிவான நாளில் காலை பத்துக்குக் கிளம்பி, கியரைத் தாழ்த்தி இறங்கினால் பிரச்சினை இல்லை. நேரமிருந்தால் காஃப் கிரீக் அருவிக்குப் போய்வர ஆறு மைல் நடை.

கேப்பிட்டல் ரீஃபில் ஒரு இரவு. பழ 'பை'தான் இல்லையே தவிர, 24-ஆம் நம்பர் சாலையோரம் ஃப்ரீமான்ட் என்ற பழங்காலப் பூர்வகுடி மக்கள் பாறையில் கொத்திய உருவங்களைத் தனியாக நின்று பார்க்கலாம்.

மோவாப்பில் மூன்று இரவு. ஆர்ச்சஸ் பார்க்கில் டெலிகேட் ஆர்ச் என்ற பாறை வளைவுக்குப் போய்வர மூன்று மைல். எல்லோரும் மாலை வெளிச்சத்துக்காகப் போவார்கள். குளிர்காலத்தில் நீங்கள் பதினொரு மணிக்குப் போங்கள். கடைசி இருநூறு கஜம் பாறையில் செதுக்கிய குறுகிய விளிம்பு, வெயிலே படாது. நான் போன அன்று ஐஸ் அங்கே சரிவாக, வெளிப்பக்கம் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்து உறைந்திருந்தது. எனக்கு முன்னால் ஓட்டக் காலணியோடு வந்த ஒருவர் சுவரைத் தடவித் தடவிப் போய், வளைவுக்குப் பத்தடி முன்னால் நின்று திரும்பிவிட்டார். அவர் செய்ததுதான் சரி. கேன்யன்லேண்ட்ஸின் மேசா ஆர்ச்சில் சூரியோதயம் பார்க்க கோடையில் நாலு மணிக்கு எழ வேண்டும்; ஜனவரியில் ஆறு மணிக்கு எழுந்தால் போதும். இந்தக் காலத்தின் உண்மையான சலுகை அது. ஆனால் அந்த நேரத்துச் சாலை ஐஸ் என்பதால் முப்பது மைல் வேகத்துக்குமேல் போக வேண்டாம். பாதையை விட்டு இறங்கி நடக்காதீர்கள்: கருகின தோசை போலத் தரையில் தெரிவது உயிருள்ள மண்படலம், ஒரு மிதியில் உடைந்தால் பழையபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

நவாஹோ நிலம்

மான்யுமென்ட் வேலியும், பேஜ் பக்கத்து இடுக்குப் பள்ளத்தாக்கான ஆன்டிலோப் கேன்யனும் நவாஹோ பூர்வகுடி மக்களுடைய நிலம். தேசியப் பூங்கா பாஸ் இங்கே செல்லாது, மதுவுக்குத் தடை, ஆட்களைக் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. மான்யுமென்ட் வேலியின் 17 மைல் சுற்று மண் சாலை. அவர்களுடைய ஜீப்பில் வழிகாட்டியோடு போங்கள். ஆன்டிலோப் கேன்யனுக்குள் வழிகாட்டி இல்லாமல் விடவே மாட்டார்கள். 1997 ஆகஸ்டில் எங்கோ பல மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் திடீரென்று உள்ளே பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகள் இறந்துபோனார்கள். அப்படிப்பட்ட வெள்ளம் பெரும்பாலும் கோடைப் பருவமழையில்தான். குளிர்காலத்தில் படங்களில் பார்க்கிற ஒளிக்கற்றை இறங்காது, சூரியன் அவ்வளவு தாழ்வு. ஆனால் பாறைச் சுவரின் நிறம் இன்னும் ஆழமாக இருக்கும், பின்னாலிருந்து யாரும் முட்ட மாட்டார்கள்.

கோடையில் இங்கே நேரக் குழப்பம் பிரசித்தம்: நவாஹோ நிலம் கடிகாரத்தை மாற்றும், சுற்றியிருக்கும் அரிசோனா மாற்றாது. குளிர்காலத்தில் யூட்டா, அரிசோனா, நவாஹோ மூன்றும் ஒரே நேரம்.

கடைசி நாள் பேஜிலிருந்து லாஸ் வேகஸுக்கு 275 மைல். மாலையில் மேற்கே ஓட்டினால் தாழ்ந்த சூரியன் நேரே கண்ணில் குத்தும், காலையிலேயே கிளம்பிவிடுங்கள். நெவாடா ஒரு மணி நேரம் பின்னால் என்பதால் கையில் கூடுதலாக ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் பத்து நிமிஷம் ஊருக்கு வெளியே வண்டியைக் கழுவுங்கள். மிதியடியில் அப்பிய செம்மண்ணைப் பார்த்தால், மண் சாலையில் ஓட்டினீர்களா என்று வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வாடகைக்கார் ஆள் கேட்பார். ஸயான் பார்க்கிங் மண் என்று நான் விளக்கி முடிக்க இருபது நிமிஷம் ஆனது. அப்புறம் அக்காவுக்கு அந்தக் கடைசி "வந்துட்டேன்".